கேட்ட பின்னரே ஊசி!

மருத்துவம் பயிலும் மாணவத் தோழர்களே! ஆல்பர்ட் நைசர் என்ற பெயரைப் பாடநூலில் கண்டிருப்பீர்கள். அவர் வாழ்வையும் படியுங்கள். அதில் போற்றத்தக்கதும் உண்டு, பழிக்கத்தக்கதும் உண்டு.

1855இல் பிறந்த ஜெர்மானியத் தோல்நோய் மருத்துவர் அவர். 24ஆம் வயதில், 1879இல், வெட்டை நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அதே ஆண்டு நார்வே சென்றார். அங்கே ஹான்சன் 1873இல் கண்டிருந்த தொழுநோய்க் கிருமிக்குச் சாயமேற்றித் தெளிவாகக் காட்டினார். இத்தகைய அறிவை எவர்தான் வியவார்?

ஆனால், 1892இல் அவர் செய்ததென்ன? கிரந்தி நோயாளரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை, அந்நோய் இல்லாத இளம்பெண்களுக்கும் விலைமாதர்க்கும் ஊசி வழியே செலுத்தினார். நோயைத் தடுக்கும் வழி காண்பதே நோக்கம். நோக்கம் நன்றே! ஆனால் அப்பெண்களை அவர் ஒரு சொல் கேட்கவில்லை. அவர்களுள் சிலருக்கு நோய் கண்டது. அது அவர்கள் தொழிலால் வந்தது என்றார் நைசர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது, அபராதமும் விதிக்கப்பட்டது. ஆய்வுக்கு உட்படுவோர்க்கு அதன் தீங்குகளை விளக்கிச் சம்மதம் பெறவேண்டும் என்று 1900 டிசம்பரில் பிரஷ்ய அரசு ஆணையிட்டது.

எங்கோ நடந்த பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் மாதுங்காவில் 1890இல் தொழுநோயர் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. வடாலாவின் அக்வர்த் மருத்துவமனையாக அது வளர்ந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டமோ, பிச்சையெடுக்கும் தொழுநோயாளரை வாரண்ட் இன்றிப் பிடித்து இத்தகைய விடுதிகளில் அடைக்க இடம் தந்தது. 2016இல்தான் அது நீக்கப்பட்டது. கிருமியைக் கண்ட பின்னும், நோயாளியை மனிதனாகக் காண எத்தனை ஆண்டுகள்!

இன்று சட்டம் நம் பக்கம். ஆய்வுக்கு உட்படுவோர்க்குப் புரியும் மொழியிலேயே சம்மதம் பெறவேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள். ஆயினும், தாராவித் தோல் பட்டறையில் உழைத்த முதியவர் ஒருவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டி, "இங்கே பெருவிரலை வையுங்கள்" என்றால், அது சம்மதமா? மைக்கறை சம்மதமாகாது!

இங்கேதான் தமிழ் மாணவர்க்குக் கடமை பிறக்கிறது. செம்பூரிலும் மாதுங்காவிலும் தமிழும் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர்கள் நாம். வாரத்தில் ஒரு மணி நேரம் நோயாளியின் அருகே அமர்ந்து, தாளில் உள்ளதை அவர் தமிழில் எடுத்துச் சொல்ல நம்மால் இயலாதா? "வேண்டாம்" என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்வோம். தமிழ்ப் பற்று மேடையில் முழங்கினால் போதாது. மருத்துவமனைக் கட்டிலருகேயும் அது பேசவேண்டும்.