திறவுகோலை மறை, திறந்து கிடந்த கதவை மறையாதே!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்போர் முன்னாளில் தனியாட்களாய் இருந்தனர். இந்நாளில் பெருநிறுவனங்களாய் வளர்ந்துள்ளனர். மக்களின் பெயர், முகவரி, கணக்கெண் யாவற்றையும் தம் கணினிகளில் குவித்து வைப்பர். கள்வன் புகுந்து அள்ளிச் சென்றபின், "எவ்வழியே புகுந்தான்?" என்று பறிகொடுத்தோர் வழக்குமன்றத்தில் வினவினால், "அஃது எங்கள் கமுக்கம்" என்பர். இஃது என்ன முறை?

அமெரிக்க நாட்டின் கேப்பிட்டல் ஒன் வைப்பக வழக்கை எண்ணிப் பாருங்கள். அவ்வைப்பகத்தின் இணையக் காப்பரண் பிழைபட அமைக்கப்பட்டிருந்தது. 2019 மார்ச்சுத் திங்களில் அவ்வழியே களவு நிகழ்ந்தது. சூலைத் திங்களிலேதான் வைப்பகம் அதனை அறிந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் ஏறத்தாழ 60 இலக்கம் பேர் ஆகியோரின் செய்திகள் பறிபோயின. கடனட்டை கேட்டு மடல் எழுதியதன்றி அவருட் பெரும்பாலோர் செய்த பிழை யாது?

களவின் வழியை மாண்டியண்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை எழுதியது. வழக்குத் தொடுத்தோர் அதனைக் கேட்டனர். "வழக்கை எதிர்நோக்கி எம் வழக்கறிஞர்க்காக எழுதப்பட்டது, காட்டோம்" என்றது வைப்பகம். உண்மை யாது? அந்நிறுவனத்தோடு வைப்பகம் 2015-இலேயே ஒப்பந்தம் செய்திருந்தது. களவுக்குப்பின் வழக்கறிஞர் பெயர் இடையிற் செருகப்பட்டதேயன்றி வேலை மாறவில்லை. தொழிற்செலவாய் எழுதிய பணத்தைப் பின்னர்ச் சட்டச் செலவாய் மாற்றி எழுதினர். அறிக்கையோ ஏறத்தாழ 50 ஊழியர்க்கும், 4 அரசுக் கண்காணிப்பு அமைப்புகளுக்கும், கணக்காய்வு நிறுவனத்துக்கும் சென்றது. இத்தனை பேர் கண்ட அறிக்கை, இழந்தவர்க்கு மட்டும் கமுக்கமாம்!

வர்சீனியா மாநிலத்து நடுவண் வழக்குமன்ற நடுவர் ஆண்டர்சன், அறிக்கையைக் கொடுக்குமாறு 2020 மே 26 அன்று ஆணையிட்டார். அதனை மேல்நடுவர் திரெங்கா சூன் 25 அன்று உறுதிசெய்தார். வழக்கே எழாதிருப்பினும் அவ்வறிக்கை அவ்வாறே எழுதப்பட்டிருக்கும் என்பதே அவர்கள் கண்ட கரணியம்.

கள்வர்க்கு வழிகாட்டும் செய்திகளை ஊர்முன் விரிக்க வேண்டும் என்பார் எவருமிலர். அவற்றைக் காத்தற்கு அந்நாட்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. இருதரப்பு வழக்கறிஞரும் வல்லுநரும் மட்டும் காணுமாறு மன்றம் காப்பாணை இடலாம். பொதுப்பதிவில் உரிய வரிகளை மட்டும் மறைக்கலாம். கள்வனிடமிருந்து மறைப்பது காவல். பறிகொடுத்தவனிடமிருந்து மறைப்பது மற்றொரு களவு.

"அறிக்கை வெளிவருமெனின் உள்ளதை உள்ளவாறு எழுதுவார் இரார்" என்பது அடுத்த சாக்கு. ஓட்டை எதுவென்று எழுதாமல் ஓட்டையை அடைப்பது எங்ஙனம்? தம் நலத்துக்காகவே எழுதியாக வேண்டிய ஒன்றை, பிறர்க்கு அருளியதுபோற் பேசுவது வெறும் நடிப்பு.

பாண்டியன் அவையை நினையுங்கள். வழக்குக்குரிய சிலம்பு அரசன் கையிலேயே இருந்தது. "அரண்மனைப் பொருள், காட்ட இயலாது" என்று அவன் சொல்லியிருந்தால் கேட்பார் யார்? அவனோ அதனைக் கொணரச் செய்து கண்ணகிமுன் வைத்தான். சிலம்பு உடைந்தது, உண்மை தெறித்தது. குற்றம்சாட்டப்பட்டவன் கையிலுள்ள சான்றும் அவைக்கு வந்தே ஆக வேண்டும் என்னும் முறை தமிழர்க்குப் புதிதன்று.

2020-இல் அவ்வைப்பகம் அரசுக்குச் செலுத்திய ஒறுப்புத்தொகை 8 கோடித் தாலர். பறிகொடுத்தோர் தாமே வழக்காடி 2022-இல் பெற்ற இணக்கத்தீர்வு 19 கோடித் தாலர். அரசு ஒறுத்தது என்று அவர்கள் வாளா இருந்திருப்பின் இப்பயன் வாய்த்திராது. வழக்காடும் உரிமையின் உயிர்நிலை சான்று. அதனைக் கமுக்கத்தின் பெயரால் பிடுங்கிக்கொண்டு, மன்றக் கதவை மட்டும் திறந்து வைப்பது முறையாகாது. நிறுவனத்தின் திறவுகோலுக்குக் காவல் உண்டு. அதன் குற்றத்துக்குக் காவல் இல்லை!