பிறந்தநாளைக் குறித்தவர் யார்?

2004ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் நாள் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் விழாக்கோலம் பூண்டது. 'றொக் அன் றோல்' என்னும் இசை பிறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டனவாம்! பல வானொலி நிலையங்கள் குறித்த வேளையில் ஒரே பாடலை ஒலிபரப்பின. 'றோலிங் ஸ்டோன்' சஞ்சிகை அவ்வாண்டையே பொன்விழா ஆண்டாகக் கொண்டாடியது. 2024 இல் அந்நாளுக்கு எழுபதாண்டும் நிறைந்துவிட்டது.

அரசியல் இதழில் ஆட்டப் பாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். ஒரு கலைக்கு இன்ன நாளே பிறந்தநாள் என்று விதிப்பது வெறும் களியாட்டமன்று. அது ஒரு தீர்ப்பு. இன்னார் பெற்றோர், இன்னார் அயலார் என்று அத்தீர்ப்பு உரிமையைப் பங்கிட்டுவிடுகிறது. ஆகவே சாட்சியங்களை நாம் பரிசீலிப்பது தகும்.

1954 யூலை 5 இல் நடந்தது என்ன? மெம்பிஸ் நகரின் யூனியன் வீதி 706ஆம் இலக்கத்தில் சாம் பிலிப்ஸ் என்பார் நடத்திவந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பத்தொன்பது வயது எல்விஸ் பிறெஸ்லி பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கொட்டி மூர் கித்தார். பில் பிளாக் பேஸ் வாத்தியம். மெல்லிசைப் பாடல்கள் எவையும் எடுபடவில்லை. இளைப்பாறும் வேளையில் பிறெஸ்லி விளையாட்டாக ஒரு பழைய பாட்டைத் துள்ளலோடு எடுத்தார். மற்ற இருவரும் கூடிக்கொண்டனர். செவி விழித்த பிலிப்ஸ் அதைத் திரும்பப் பாடச்செய்து பதிவு செய்தார். அதுவே 'தட்ஸ் ஓல் றைட்'. இவ்வளவே பிறப்பின் கதை.

அந்தப் பழைய பாட்டு யாருடையது? விழா மேடைகள் விரைந்து கடந்துபோகும் கேள்வி இது. மிஸிஸிப்பி மாநிலத்தில் 1905 இல் பிறந்த ஆர்தர் குரூடப் என்ற கறுப்பினத் தொழிலாளி அதனை இயற்றி, 1946 செப்டெம்பர் 6 இல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பனிக்காகச் சிக்காகோவில் பாடிப் பதிவு செய்தார். 1949 இல் அக்கம்பனி சிறிய 45 சுழற்சி இசைத்தட்டுகளை அறிமுகஞ் செய்தபோது ஒவ்வோர் இசை வகைக்கும் ஒவ்வொரு நிறம் வகுத்தது. சாஸ்திரிய இசைக்குச் சிவப்பு, கிராமிய இசைக்குப் பச்சை, கறுப்பின மக்களின் இசைக்குச் செம்மஞ்சள். அச்செம்மஞ்சள் வரிசையின் முதலாவது தட்டு குரூடப்பின் இப்பாட்டே. பாடியவனுடைய தோலின் நிறத்தை இசைத்தட்டின் நிறத்திலேயே எழுதிவைத்த சாமர்த்தியத்தை என்னென்பது!

இன்னொரு தேதியையும் இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். 1954 மே 17 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 'பிறவுண் எதிர் கல்விச் சபை' வழக்கில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வேறுவேறு அரசாங்கப் பாடசாலைகள் என்ற ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குச் சரியாக ஏழு வாரங்கள் கழித்தே மெம்பிஸில் அந்தப் பாட்டுப் பதிவாயிற்று. சில நாட்களில் டூயி பிலிப்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் (சாம் பிலிப்ஸுக்கு இவர் உறவினர் அல்லர்) அதனைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்ப, நேயர்களின் அழைப்புகள் குவிந்தன. படம் பார்த்துக்கொண்டிருந்த பிறெஸ்லியைத் தியேட்டரிலிருந்து நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். அறிவிப்பாளர் சாதுரியமாக ஒரு கேள்வி கேட்டார்: எந்தப் பாடசாலையில் படித்தீர்? 'ஹியூம்ஸ்' என்று விடை வந்தது. அது வெள்ளையர் பாடசாலை. பாடுபவன் கறுப்பனல்லன் என்பதை ஊர் அறிந்துகொண்டது. நீதியரசர்களின் மை உலர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. பாடசாலையின் பெயர் ஒரு மனிதனின் நிறத்தைச் சொல்லும் சங்கேதமாக அங்கே இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

பிறெஸ்லி ஒரு திருடர் என்று சொல்வாருமுளர். நாம் அக்கட்சியில் இல்லை. தாம் பாடும் விதமாகக் கறுப்பின மக்கள் நெடுநாளாகவே பாடிவருகிறார்கள் என்று 1956 இல் பத்திரிகையாளரிடம் அவரே குரூடப்பின் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டார். இசைத்தட்டின் முகப்பிலும் இயற்றியவர் என்ற இடத்தில் குரூடப்பின் பெயர் இருந்தது. பெயர் மறைக்கப்படவில்லை, ஐயா, பணந்தான் போய்ச்சேரவில்லை. பெயருக்கும் பணத்துக்கும் இடையில் ஒப்பந்தம் என்ற ஒரு கடதாசி இருந்தது. பாட்டின் வெளியீட்டுரிமை அவருடைய முகாமையாளர் லெஸ்டர் மெல்றோஸின் வசத்திலிருந்து, பின்னர் 'ஹில் அன்ட் றேஞ்ச்' என்ற வெளியீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இட்ட ஒப்பம் இட்டதே என்பார்கள் நமது தொழிலினர். பேரம் பேச வழியற்ற ஒருவன், வேறு கதியின்றி இட்ட ஒப்பத்தைச் சுதந்திர சம்மதம் என்று ஏற்க நமது மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

தாம் பிறரைச் செல்வராக்கித் தாம் ஏழையாகவே இருப்பதை உணர்ந்து குரூடப் பாட்டை விட்டார். வேர்ஜீனியாவில் தோட்டக் கூலிகளை ஏற்றியிறக்கிப் பிழைத்தார். 1960களின் இறுதியில் டிக் வோட்டர்மன் என்பார் அவருக்காக உரிமைப் பணத்தைக் கோரி முயன்றார். அறுபதினாயிரம் டொலருக்குச் சமரசம் பேசப்பட்டது. குரூடப் தம் பிள்ளைகளுடன் நியூயோர்க் சென்று பத்திரத்தில் கையெழுத்திட்டார். கடைசி நேரத்தில் மறுதரப்பு கையெழுத்திட மறுத்துவிட்டது. வழக்கில் தோற்றாலும் இவ்வளவு கொடுக்க நேராது என்பதே காரணமென வோட்டர்மன் பின்னர் கூறியுள்ளார். வெறுங்கையோடு திரும்பிய குரூடப் 1974 மார்ச் 28 இல் காலமானார். அந்த வெளியீட்டு நிறுவனம் வேறொரு கம்பனிக்கு விற்கப்படும் நிலை வந்தபோது, இந்தத் தீராத கோரிக்கை குறுக்கே நின்றது; அப்பொழுதுதான் பிள்ளைகளுக்குப் பணம் கிடைத்தது. நியாயம் அசைக்காத பேனாவை வியாபாரத் தடை அசைத்தது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். குரூடப் பாடியது புளூஸ்; பிறெஸ்லி அதனை விரைவாக்கி, வெள்ளையரின் கிராமிய இசையோடு கலந்தார்; அதே தட்டின் மறுபுறத்தில் பில் மன்றோவின் கிராமியப் பாட்டு இருப்பதே சான்று; ஆகவே புதியதொன்று அன்றே பிறந்தது என்பர். கலப்பு நிகழ்ந்தது உண்மை. அது இனிமையாயிருந்ததும் உண்மை. ஆனால் 1951 மார்ச்சில் இதே பிலிப்ஸ், ஜக்கி பிறென்ஸ்டனும் ஐக் ரேணரின் குழுவினரும் வழங்கிய 'றொக்கெற் 88' ஐப் பதிவு செய்தாரே! பழுதுபட்ட ஒலிபெருக்கியில் காகிதத்தைத் திணித்து அவர்கள் எழுப்பிய கரகரத்த நாதம் பின்வந்த கித்தார் இசைக்கெல்லாம் முன்னோடி அன்றோ? 1952 மார்ச் 21 இல் கிளீவ்லாந்தில் அலன் பிறீட் கூட்டிய இசை விழா, நெரிசல் தாங்காது பொலிசாரால் நிறுத்தப்பட்டது. அதற்கும் முதல் என்ற பட்டம் உண்டு. வெள்ளையர்களுக்குள்ளேயே பார்த்தாலும், பில் ஹேலியின் 'றொக் அறவுண்ட் த குளொக்' 1954 ஏப்ரில் 12 இலேயே பதிவாகிவிட்டது. இத்தனை தேதிகளையும் ஒதுக்கி ஒரு திங்கட்கிழமையை மட்டும் பிறந்தநாளாக்கியது எந்த அளவுகோல்? ஓசையை வைத்து அளந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் யார் பெரும் பேர்பெற்றாரோ அவருடைய சாதகத்தையே கலையின் சாதகமாக எழுதியிருக்கிறார்கள்.

பொன்விழா முடிந்த கையோடு நிகழ்ந்த ஒரு சட்ட விநோதத்தை வாசகர் அறிதல் நன்று. ஐரோப்பாவில் இசைத்தட்டுப் பதிவுகளுக்கு அக்காலத்தில் ஐம்பதாண்டுப் பாதுகாப்பே இருந்தது. 2005 யனவரி 1 இல் பிறெஸ்லியின் அந்தப் பதிவு அங்கே பொதுச்சொத்தாயிற்று. எழுபதாண்டாக நீட்டிய பிந்திய சட்டம் அதனை மீட்டுக்கொடுக்கவில்லை. பாட்டை இயற்றியவரின் உரிமையோ, அவர் இறந்து எழுபதாண்டுவரை நிற்பது. எவரும் அத்தட்டை அச்சிடலாம்; ஆனால் 2044 முடியும்வரை பாட்டுக்குரிய பங்கைச் செலுத்தியே தீரவேண்டும்.

நமது கோரிக்கை சிறியது. குரூடப் சிக்காகோவில் பாடிய நாளிலிருந்து எண்ணினால், எண்பதாவது ஆண்டு 2026 செப்டெம்பர் 6 இல் நிறைகிறது. 2004 இல் ஒரே வேளையில் ஒரே பாட்டை ஒலிபரப்பத் தெரிந்த நிலையங்கள், செப்டெம்பர் 6 ஐயும் தங்கள் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும். அந்தச் செம்மஞ்சள் தட்டைச் சுழலவிடட்டும். பிறெஸ்லியின் பாட்டை அதற்கு அடுத்ததாக ஒலிபரப்புவதில் நமக்கு ஆட்சேபமில்லை.