நிண்டாலும் பிழை, போனாலும் பிழை

முல்லைத்தீவில் நல்லாப் பந்தடிக்கிற ஒரு பெடியனைப் பற்றி ஊர் இரண்டே இரண்டு கதைதான் சொல்லும். அவன் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனால், "வளர்த்துவிட்ட கழகத்தை மறந்திட்டான்." போகாமல் ஊரிலேயே நிண்டால், "இவ்வளவு திறமை இருந்தும் உருப்படத் தெரியேல்லை." வற்றாப்பளை, முள்ளியவளை, கேப்பாப்பிலவு எண்டு எந்த மைதானத்து ஓரத்தில் நிண்டாலும் இந்த இரண்டில் ஒண்டு காதில் விழும். இரண்டு கதையிலும் குற்றவாளி அந்தப் பெடியன்தான். எனக்கு இதில்தான் கோபம். பத்தொன்பது வயதில் ஒருத்தன் எடுக்கிற முடிவைப் பற்றி இவ்வளவு கதைக்கிற நாங்கள், அந்த நேரம் அவனுக்கு முன்னால் என்ன இருந்தது எண்டு எண்ணிப் பார்க்கிறதில்லை.

எண்ணிப் பார்ப்பம். அதுக்கு முதல் ஒரு தூர தேசத்துக் கதை.

அமெரிக்காவில் பல்கலைக்கழக ஃபுட்போல் எண்டு ஒண்டு இருக்கு. அது எங்கட உதைபந்தாட்டம் இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுற விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் நல்லா ஆடுறவனைத் தேடிப் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் வீட்டு வாசலுக்கே வருவினம். பெரிய பல்கலைக்கழக அணி ஒண்டு 85 பேர் வரை முழுப் புலமைப்பரிசில் குடுத்து எடுக்கலாம் எண்டுதான் நீண்ட காலமாக விதி இருந்தது. 2021இல் இருந்து தன்ர பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் குடுத்து மாணவர் காசு உழைக்கவும் அனுமதி இருக்கு. அங்க ஓயாமல் நடக்கிற விவாதம் என்னண்டா, "எங்கட மாநிலத்துப் பெடியன் ஏன் வெளி மாநிலத்துக்குப் போறான்?" பயிற்றுநர் யார், எந்த அணி வெல்லுது, எவ்வளவு நேரம் ஆட விடுவினம், வீட்டில் இருந்து எவ்வளவு தூரம் எண்டு ஒவ்வொண்டாக அலசுவினம். நிண்டாலும் அவனுக்கு ஏதோ கிடைக்கும், போனாலும் ஏதோ கிடைக்கும். அதாலதான் அங்க அதைத் தெரிவு எண்டு சொல்லலாம்.

எங்கட பெடியனுக்கு என்ன கிடைக்கும்? பள்ளிக்கூடக் காலம் மட்டும் பரவாயில்லை. வலயம், மாகாணம், அகில இலங்கை எண்டு ஒரு ஏணி இருக்கு. மனசு வைக்கிற விளையாட்டு ஆசிரியர் ஒருத்தர் அமைஞ்சால் அதில் ஏறலாம். உயர்தரச் சோதினை முடிய அந்த ஏணியும் முடிஞ்சிடும். மிச்சம் இருக்கிறது ஊர் விளையாட்டுக் கழகம். அங்க நடக்கிறது பெரும்பாலும் விலகல் முறைப் போட்டி. ஒருத்தரின் நினைவாக ஒரு கிண்ணம், புலம்பெயர்ந்த உறவு ஒண்டின் அனுசரணை, மின்னொளி, ஒலிபெருக்கியில் ஒரு அண்ணையின்ர வர்ணனை. பார்க்க நல்லாத்தான் இருக்கும், நானும் கத்திக் கத்திப் பார்த்திருக்கிறன். ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்றால் அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த கிண்ணம் வரும் வரைக்கும் வயல், வாடி, கூலி வேலை. பதினெட்டில் இருந்து இருபத்திரண்டு வரைக்கும்தான் ஒரு ஆட்டக்காரன் உண்மையாய் வளருற வயது. அந்த நாலு வருசமும் எங்கட பெடியள் இப்பிடித்தான் காத்துக்கொண்டு நிக்கினம்.

நிக்கிறதின் நிலைமை இது. போறதெண்டால் மூண்டு கதவு.

முதலாவது கொழும்பு. 2021இல் சுப்பர் லீக் எண்டு பெரிய எடுப்பில் தொடங்கிச்சினம். பத்து அணிகள். கொழும்பு எப்.சி., ரினோன், ரட்னம், புளூ ஸ்டார், அப் கன்ட்ரி லயன்ஸ் எண்டு போகும் அந்தப் பட்டியலில் வடக்கு கிழக்கில் இருந்து ஒரு அணிகூட இல்லை. ஆக, நாட்டின் உச்ச மட்டத்தில் ஆட வேணுமெண்டால் முல்லைத்தீவுக்காரன் 300 கிலோமீற்றருக்கு மேல் போய், அறை எடுத்து, சமைச்சோ கடையில் சாப்பிட்டோ, தெரியாத மொழியில் பயிற்சி கேட்டுத்தான் ஆட வேணும். அங்க போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. சம்மேளனத்தில் அரசியல் தலையீடு எண்டு சொல்லி 2023 ஜனவரி 21இல் ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் மாதம்தான் தடை நீங்கிச்சு. வீட்டை அடகு வைக்கிற அளவுக்குக் கஷ்டப்படுற ஒரு குடும்பம், இப்பிடி ஆட்டம் காணுற ஒரு தொழிலை நம்பிப் பிள்ளையை அனுப்புமோ?

இரண்டாவது கதவு படை. அந்தப் பத்து அணியிலும் டிபென்டர்ஸ் இராணுவத்தினுடையது, சீ ஹோக்ஸ் கடற்படையினுடையது, புளூ ஈகிள்ஸ் விமானப்படையினுடையது. இந்த நாட்டில் விளையாட்டு வீரனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரக்கூடிய இடங்களில் படைகள் முக்கியமானவை. ஹம்பாந்தோட்டையில் இருக்கிற ஒரு பெடியனுக்கு அது சாதாரண வேலைவாய்ப்பு. கேப்பாப்பிலவில் இருக்கிறவனுக்கு அது எப்பிடி இருக்கும்? 2017இல் அந்த ஊர்ச் சனம் படைமுகாமுக்கு முன்னால் வீதியோரம் இருந்துதானே தங்கட காணியைக் கேட்டது? சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யிற சனம் வன்னியில் இருக்கு. அவையளைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் 2009 மேயில் நந்திக்கடல் பக்கத்தால் நடந்து வந்த ஒரு தாயிட்டை, "உங்கட மகன் நல்லாப் பந்தடிக்கிறான், இராணுவ அணியில் சேர்த்து விடுங்கோ" எண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை. காகிதத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிற கதவுதான். எங்களுக்கு அதன் படியில் கால் வைக்கிறதே பெரிய விசயம்.

மூண்டாவது வெளிநாடு. மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் பின்களத்தைத் தாங்கினவர். கழக ஆட்டத்துக்கு மாலைதீவு போனவர். 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்தார், வயது 31. வடக்கில் இருந்து ஒருத்தன் எவ்வளவு தூரம் போகலாம் எண்டதுக்கும் அவர்தான் சாட்சி, எவ்வளவு தனியாய்ப் போக வேணும் எண்டதுக்கும் அவர்தான் சாட்சி. ஆனால் அவரைப் போல விளையாடுறதுக்காக வெளியில போறவை கொஞ்சப் பேர்தான். மற்றவை போறது விளையாட்டை விடுறதுக்கு. 2004இல் இலங்கையில் இருந்து ஜெர்மனிக்குப் போன "தேசிய கைப்பந்து அணி" 23 பேரோடு காணாமல் போன கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பிடி ஒரு அணியே இலங்கையில் இருக்கேல்லை. பிறகு "மச்சான்" எண்டு படமாயும் வந்தது. சிரிச்சுக்கொண்டு பார்த்தம். சீருடை அங்க ஒரு விசாவுக்கான வழி. எங்கட ஊரில் அந்த வேசம்கூடத் தேவையில்லை. என்னோட உயர்தரம் எழுதின, இடது காலால் அழகாய் அடிக்கிற ஒருத்தன் இப்ப கட்டாரில் கட்டட வேலை. ஆரும் அவனை மைதானத்தில் இருந்து கலைக்கேல்லை. வீட்டில் தங்கச்சி இருந்தா, கடன் இருந்தது, ஏஜென்சிக்காரன் ஒரு திகதி சொன்னான்.

பெண்பிள்ளையளைப் பற்றித் தனியாய்ச் சொல்ல வேணும். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலை மட்டத்தில் வெண்டு காட்டியிருக்கு. வடக்கில் திறமை இல்லை எண்டு ஆரும் இனிச் சொல்லேலாது. ஆனால் பள்ளிக்கூடம் முடிஞ்ச மறுநாள் அந்தப் பிள்ளையளுக்கு ஊர்க் கழகம்கூட இல்லை. "ஏன் போனாய்", "ஏன் நிண்டாய்" எண்டு பெடியனிட்டைக் கேக்கிற ஊர், அவளிட்டை அந்தக் கேள்வியைக்கூடக் கேக்கிறதில்லை.

இதுக்குச் சிலர் சொல்லுற மறுமொழி, "படிப்பை விட்டுட்டுப் பந்தோ?" நான் கலைப்பீடத்தில் படிக்கிறவன். படிப்பின் அருமை எனக்கும் தெரியும். அதால படிப்பில் இருந்தே ஒரு கதை சொல்லுறன். பல்கலைக்கழக அனுமதியில், கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கு. கொழும்பில் ஆய்வுகூடத்தோடு படிக்கிறவனையும் எங்கட ஊரில் ஆசிரியர் இல்லாமல் படிக்கிறவனையும் ஒரே கோலால் அளக்கேலாது எண்டதை இந்த அரசே ஒத்துக்கொண்டிருக்கு. சரி, பந்தில் மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை? புல் மைதானமும் முழுநேரப் பயிற்றுநரும் உள்ள கொழும்புப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் எங்கட பிள்ளையையும் ஒரே தெரிவு முகாமில் நிப்பாட்டி, "வடக்கு ஆக்களுக்கு உடற்தகுதி காணாது" எண்டு எழுதினால் அது என்ன அளவுகோல்? விசேட விளையாட்டுத் திறமைக்குப் பல்கலைக்கழக அனுமதி இருக்குத்தான். அது மிகச் சிறிய பங்கு, அதுவும் ஏற்கெனவே தேசிய மட்டத்தில் மேல வந்தவைக்கு. மேல வாறதுக்கு வழி இல்லாதவனுக்கு அதால என்ன பிரயோசனம்?

இதை மாத்தேலாது எண்டும் இல்லை. இந்தியாவில் மணிப்பூரைப் பாருங்கோ. சின்ன மாநிலம், ஆயுத மோதலையும் ஊரடங்கையும் கண்ட மண். நல்ல ஆட்டக்காரர் ஜம்ஷெட்பூர் டாட்டா அக்கடமிக்கும் கொல்கத்தாவுக்கும் போய்க்கொண்டே இருந்தினம். பிறகு இம்பாலின் உள்ளூர்க் கழகமான நெரோகா ஐ-லீக்குக்கு ஏறி, 2017–18 பருவத்திலேயே இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதுக்குப் பிறகும் பெடியள் வெளியில போச்சினம்தான். ஆனால் நிண்டு ஆடவும் ஒரு இடம் இருந்தது. 2023 வன்முறைக்குப் பிறகு அந்தக் கழகமே சொந்த ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியில ஆட வேண்டி வந்தது. கட்டி எழுப்பினது எவ்வளவு சுலபமாய்க் கலையும் எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அவை முதலில் கட்டினவை.

இன்னொரு பக்கம் விமல் யோகநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் லிவர்பூல் அக்கடமி, 2024 ஓகஸ்டில் பான்ஸ்லி முதல் அணிக்காக அறிமுகம். எங்கட முகநூல் முழுக்க அண்டைக்கு அந்தப் பிள்ளையின் படம்தான். பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏழெட்டு வயதிலேயே கிடைச்ச பயிற்சி, எங்கட ஊர்ப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதிலும் கிடைக்கிறதில்லை.

என்ன செய்யலாம்? பெரிய அரங்கம் ஒண்டும் கேக்கேல்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மூண்டு மாவட்டக் கழகங்களும் சேர்ந்து ஆறு மாதம் ஓடுற ஒரு லீக். ஒருக்கா சொந்த மைதானம், ஒருக்கா எதிரணி மைதானம். ஏ35 வீதியால் பரந்தன் போய்க் கிளிநொச்சிக்கும், ஏ34ஆல் மாங்குளம் போய் வவுனியாவுக்கும் ஒரே நாளில் போய் வரலாம். 2018இல் வடக்கு கிழக்கு பிரிமியர் லீக்கில் "முல்லை பீனிக்ஸ்" எண்ட பெயரோடு எங்கட மாவட்டத்துக்கு ஒரு அணி ஆடினபோது எவ்வளவு சனம் ஆசையாய்க் கதைச்சது! ஆசை இருக்கு, தொடர்ச்சிதான் இல்லை. பல்கலைக்கழகங்களும் இந்த லீக்கில் அணி இறக்கலாம். 2021இல் இருந்து வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இருக்கு, அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கு. மாணவன் படிச்சுக்கொண்டே வாராவாரம் ஆட இதைவிட வேற வசதி என்ன வேணும்? பெண்கள் அணிக்கும் இதே அட்டவணை, இதே பஸ்.

காசு எங்க எண்டு கேப்பீங்கள். காசு வருகுது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகுது. ஒரு இரவு மின்னொளிக்கும் பந்தலுக்கும் ஆளுயரக் கிண்ணத்துக்கும் போகுது. அனுப்புற அண்ணைமாரிட்டை ஒரு வேண்டுகோள்: இந்த வருசம் கிண்ணத்தைச் சின்னதாக்கி, மிச்சக் காசில் ஒரு ஊர்ப் பெடியனைப் பயிற்றுநர் சான்றிதழுக்கு அனுப்புங்கோ, அவனுக்கு மாதச் சம்பளம் ஒண்டு குடுங்கோ. உங்கட அப்பாவின் பெயரிலேயே அந்தச் சம்பளம் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருத்தன் கொழும்புக்குப் போனால் போகட்டும், கை குடுத்து அனுப்புவம். நிண்டால் நிக்கட்டும், ஆட இடம் இருக்கும். அது வரைக்கும் அவனைப் பற்றி மைதானத்து ஓரத்தில் கதைக்க முதல், உங்கட கழகத்துக் கணக்குக் கொப்பியை ஒருக்கா விரிச்சுப் பாருங்கோ. கிண்ணத்துக்கு எவ்வளவு போயிருக்கு, பயிற்சிக்கு எவ்வளவு போயிருக்கு எண்டு.