பெட்டி அடிக்கும் பிள்ளைகளை ஏசுவதற்கு முன்...



ஊரில் வேனுக்கும் ஓட்டோவுக்கும் பேஸ் பெட்டி அடிக்கும் தம்பிமாரைப் பற்றி வாப்பாமார் எம்மிடம் முறையிடாத வாரமில்லை. "படிக்கச் சொன்னா பலகை வெட்றான் சேர்" என்பார்கள். நாமும் அப்படித்தான் ஏசிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் எமது பழைய மாணவன் ஒருவன் வந்தான். கணிதம் தேறாதவன் என்று நாமே ஒதுக்கி வைத்த பிள்ளை. "சேர், கடதாசில 35 லீற்றர்னு போட்டிருக்கு. அளந்துதான் அடிச்சன். ஆனா பேஸ் வருகுதில்ல." பெட்டியைப் பார்த்தோம். 40க்கு 35க்கு 25 சென்ரிமீற்றர். பெருக்கினால் சரியாக 35 லீற்றர்தான். ஆனால் அது வெளி அளவு! பலகை 18 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 24½ லீற்றர்தான் மிஞ்சுகிறது. 40க்கு 40க்கு 32 வைத்தால் உள்ளே 37½ லீற்றர் வரும், ஸ்பீக்கரின் காந்தம் பிடிக்கும் இடம் போக 35 தேறும். கொப்பியில் போட்டுக் காட்டியதும் அவனே மற்றக் கணக்கையெல்லாம் போட்டான். தரம் 9இல் கனவளவு படிப்பித்தபோது எம்மால் முடியாததைப் பத்து நிமிடத்தில் ஒரு மரப்பெட்டி செய்துவிட்டது.

ஏன் பெட்டி வேண்டும் என்றும் கேட்டான். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், அதனால்தான் பின்பக்கத்தை மூடுகிறோம். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், இடம் குறைந்தால் ஸ்பிரிங் இறுகிவிடும். ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் காற்று சீறும். ஊரில் அனுபவமுள்ள ஓடாவிமார் மூட்டுப் பிடிக்கும் விதத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். பெட்டரியிலிருந்து அம்ப்ளிஃபயருக்கு வயர் இழுப்பவர்கள் பெட்டரிக்குக் கிட்டவே பியூஸ் போடுவதில்லை. அந்த வயர் எங்காவது உரசி பொடியில் பட்டால் வாகனமே பற்றிவிடும். பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் ஒரு பியூஸுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது எமக்கு விளங்கவில்லை.

சத்தத்தைப் பற்றிய முறைப்பாடு நியாயமானது. 40 ஹேர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் எட்டரை மீற்றர், அதை வீட்டுச் சுவர் தடுக்காது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் நோயாளிக்கும் அது போய்ச் சேரும். 100 டெசிபலில் 15 நிமிடம் போனாலே ஓட்டுபவனின் காதுக்கும் ஆபத்துதான். அதைச் சொல்லித் திருத்துவோம். ஆனால் பலகையையும் வாளையும் பறிக்க வேண்டாம்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. பெட்டி அடிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறோம்? சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் இருப்போம். பெட்டி அடிக்க நினைக்கும் தம்பிமார் டேப்பையும் ஸ்பீக்கர் கடதாசியையும் கொண்டு வாருங்கள். பலகையை வெட்டிவிட்டு வர வேண்டாம்.