தோலுக்கு மேடை, கைக்கு வாசல்

மார்கழியில் மியூசிக் அகாடமியில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் நாதம் சுத்தமாக விழும் என்று ரசிகர்கள் விவாதிக்கிறார்கள். வீட்டிலோ ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று பணத்தைக் கொட்டி, மிருதங்கம் துல்லியமாகக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். கேட்கட்டும். கேட்பது எதை? மாட்டுத்தோலை! வலந்தலையில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும். இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். தோலைக் காயவச்சு, அறுத்து, கல்லுப்பொடியும் சோறும் அப்பி அப்பித் தேய்ச்ச கையிலதான் அந்த நாதம் பிறக்குது. அந்தக் கை யாருடையது?

பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தவர் தஞ்சாவூர் பர்லாந்து, தலித் கிறித்துவர். இந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020இல் அதை வெளியிட அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. தோல் மேடையேறலாம், தோல் செஞ்சவன் கதை ஏறக்கூடாது!

பறையும் தோல்தான். அது தீட்டு, இது தேவவாத்தியமா?

சி.டி. அட்டையில் ஒலிப்பதிவாளர் பெயர் அச்சாகிறது. மிருதங்கம் செய்தவர் பெயர் எங்கே? அதை அட்டையிலும் அழைப்பிதழிலும் அச்சடியுங்கள். அப்புறம் பேசலாம், நாதத்தின் சுத்தம் பற்றி.