“எர்ணாவூரா? கேன்சல் பண்ணிடுங்கண்ணா”

நள்ளிரவு பன்னிரண்டு மணி வாக்கில், கடைசி மெட்ரோவும் போன பிறகு, சென்ட்ரல் வாசலில் நின்று எர்ணாவூருக்கு ஆட்டோ புக் பண்ணிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். புக் பண்ணியதும் திரையில் ஒரு பெயர், ஒரு வண்டி நம்பர், இன்னும் மூன்று நிமிடம் என்று வரும். அடுத்த நொடியே போன் அடிக்கும்.

“எங்கண்ணா ட்ராப்பு?”

“எர்ணாவூர்.”

“எண்ணூர் பக்கமா?”

“ஆமா, திருவொற்றியூர் தாண்டி.”

“அங்கேர்ந்து ரிட்டன் சவாரி கிடைக்காதுண்ணா. கேன்சல் பண்ணிடுங்க.”

“நீங்களே பண்ணுங்களேன்.”

போன் கட். திரையில் அந்த ஆட்டோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர் ரத்து செய்ய மாட்டார். ரத்து செய்தால் அவர் கணக்கில் அடி விழும். நான் ரத்து செய்தால் என் அடுத்த சவாரியில் ஒரு தொகை ஏறும். யார் முதலில் சலித்துப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி. வீட்டுக்குப் போக வேண்டியவன் நான் என்பதால் நான்தான் சலித்துப்போகிறேன். அடுத்த ஆட்டோ. அதே போன், அதே பேச்சு.

விதி இல்லாமலில்லை. இப்படி வண்டி பிடித்துத் தரும் நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2020-ல் ஒரு நெறிமுறை வெளியிட்டது, 2025 ஜூலையில் அதைப் புதுப்பித்தது. தக்க காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய், அபராதம் என்று அதில் இருக்கிறது. ஓட்டுநருக்கும் அதேதான், பயணிக்கும் அதேதான். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மறுப்பு நடப்பது ஆப்பில் இல்லை, போன் பேச்சில். ஆப்பைப் பொறுத்தவரை ஓட்டுநர் ஏற்றுக்கொண்டார், பயணி ரத்து செய்தார். “வரமாட்டேன்” என்று ஓட்டுநர் சொன்னது எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

ஓட்டுநர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மீட்டர் கட்டணம் என்று அரசு 2013-ல் வைத்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோலும் கேஸும் எங்கேயோ போய்விட்டன, அந்த விலைப்பட்டியல் மட்டும் வருடக்கணக்கில் அசையவில்லை. நள்ளிரவில் எர்ணாவூர் வந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் காலியாகத் திரும்பிப் போவது அவருக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஆப் நடத்துகிறவர்கள் ஒரு வழி செய்திருக்க வேண்டும். திரும்பும் தூரத்துக்கு ஒரு சிறு தொகை சேர்த்துக் கேளுங்கள், கொடுக்கிறோம். அதைச் செய்யாமல் என்னையும் அந்த ஆட்டோக்காரரையும் போனில் மோதவிட்டால் எப்படி?

இதே ஆட்டோ சோழிங்கநல்லூருக்கு வரும். சென்ட்ரலிலிருந்து அது எர்ணாவூரைவிடத் தூரம். திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். நாங்கள் முதல் மண்டலம். சொத்து வரி மாநகராட்சிக்குத்தான் கட்டுகிறோம். இத்தனை வருடம் கழித்தும் போனில் “அவுட்டர்ணா” என்று கேட்கும்போது வயிறு எரிகிறது.

என் தொழில் எடை மேடை சர்வீஸ். லாரியை ஏற்றி எடை போடுகிற வேபிரிட்ஜ் எங்கெல்லாம் பழுதோ அங்கெல்லாம் போக வேண்டும். இன்று ஸ்ரீசிட்டி என்றால் நாளை ராணிப்பேட்டை, அப்புறம் ஓசூர். அதனால் பயணத்துக்கு உதவும் ஆப் எதையும் நான் ஒதுக்குவதில்லை. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ நெட் இல்லாத இடத்திலும் செல்போன் டவரை வைத்தே நாம் உட்கார்ந்திருக்கும் ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டும். தடா தாண்டி இருட்டில் ஸ்டேஷன் பெயர் தெரியாதபோது அதுதான் துணை. அசல் ஆதாரை வீட்டில் வைத்துவிட்டு டிஜிலாக்கரில் இருப்பதை டிடிஇயிடம் காட்டலாம், 2018-லிருந்து ரயில்வே அதை ஏற்கிறது. ஆனால் அரசே வழங்கிய ஆவணமாக அது இருக்க வேண்டும். நாமே போட்டோ எடுத்து ஏற்றி வைத்தது செல்லாது. இது தெரியாமல் ரயிலில் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’னில் பஸ், மெட்ரோ, லோக்கல் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். நம் ஊரில் இப்படி ஒன்று வந்தது உண்மையிலேயே பெரிய விஷயம்.

என் ஆதங்கம் இதையெல்லாம் யோசித்தவர்கள் எங்களைப் போல அலைகிறவர்களின் ஒரு நாளை அருகில் இருந்து பார்க்கவில்லையே என்பதுதான்.

தட்காலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசிக்கு காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்ப்பும் ஓடிபியும் கட்டாயம். ஏஜென்டுகளின் அட்டகாசத்தை ஒழிக்க வந்தது, வரவேற்கிறேன். ஆனால் பத்து, பதினொரு மணிக்கு நான் எங்கே இருப்பேன்? ஏதோ ஒரு ஃபாக்டரிக்குள். கேட்டில் செக்யூரிட்டி போனை வாங்கி, டோக்கன் கொடுத்து, மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். வீட்டில் தம்பி என் கணக்கில் நுழைந்து டிக்கெட் போட்டாலும் ஓடிபி அந்தப் பெட்டிக்குள் இருக்கும் போனுக்குத்தான் வரும். அடிக்கடி பயணம் போகிறவனுக்குத்தான் தட்கால் வேண்டும். அவனால் எடுக்க முடியாத மாதிரியே அது அமைந்திருக்கிறது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் நம்பரை முன்கூட்டியே பதிந்து வைக்க ஒரு வழி கொடுத்தால் போதுமே!

லோக்கல் ரயில் கதை எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சென்ட்ரலில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று வரிசையாக வர வேண்டும். ஆனால் இது ஹவுரா, டெல்லி, விஜயவாடா எக்ஸ்பிரஸ்கள் ஓடுகிற கூடூர் பாதை. நிலக்கரி கூட்ஸும் துறைமுகக் கன்டெய்னர் கூட்ஸும் இதில்தான். கொருக்குப்பேட்டைப் பக்கம் லோக்கலை ஓரம் கட்டி நிறுத்தினால் எப்போது எடுப்பார்கள் என்று வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஆப் ரயில் நிற்கும் இடத்தைக் காட்டும். அது எனக்கே தெரியும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். எதற்காக நிற்கிறது, எந்த வண்டி போன பிறகு கிளம்பும் என்பதுதான் எனக்கு வேண்டும். கன்ட்ரோல் ரூமில் அது தெரியாமலா சிக்னல் போடுகிறார்கள்? சென்ட்ரலில் ஏறுவதற்கு முன்னாலேயே “இந்த வண்டி வழியில் நிற்கும்” என்று ஒரு வரி வந்தால், படியிறங்கி மெட்ரோவில் விம்கோ நகர் போய்விடுவேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ அதுவரை வந்துவிட்டது. அந்த ஒரு வரி இல்லாததால்தான் மாலை ஷிஃப்டுக்குப் போகிறவர் கம்பெனி கேட்டில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறார். கான்ட்ராக்ட் ஆளுக்கு ரயில் லேட் என்ற காரணம் எந்த கேட்டிலும் எடுபடாது.

சாலைக்கு வந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நின்றால் மேப் சிவப்பாகிறது, மணலி வழியாகப் போ என்கிறது. மணலி பக்கம் டேங்கர் லாரி. பைக்கில் இரண்டு ட்ரெய்லருக்கு நடுவில் போவது என்றால் என்ன என்று மேப்புக்குத் தெரியாது. சந்து இருந்தால் வழி என்று நினைக்கிறது. இந்தச் சாலையில் லாரி ஏறி எத்தனை குடும்பம் தலைவனை இழந்திருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துறைமுக கேட்டில் வண்டிகள் தேங்கியிருக்கிற தகவல் நேரத்துக்கு எங்கள் போனுக்கு வந்தால், குழந்தையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற தாய் கால் மணி நேரம் முன்னே பின்னே கிளம்புவாள். தொழில்நுட்பத்தால் ஆகாத காரியமா இது?

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்கிறவர். விடியுமுன் காசிமேடு போய் ஏலத்தில் எடுத்து வருவார். என்னைவிட அதிகம் பயணம் செய்கிறவர் அவர்தான், தினமும். அதிகாலையில் நான் வெளியூர் கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், “தம்பி, உன் போன்ல பாருப்பா, பஸ் வருதான்னு” என்பார். பார்ப்பேன். நாலு நிமிடம் என்று காட்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாலும் நாலு நிமிடம். பிறகு அந்த பஸ்ஸே பட்டியலில் இருக்காது. “ஏலம் முடிஞ்சிடும்பா” என்று சொல்லிக்கொண்டே அக்கா மீன்பாடி வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஐஸ் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து போய்விடுவார். 2021-லிருந்து பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் கட்டணம் கிடையாது. அக்கா போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம் என்று எனக்குத் தெரியும். வருகிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாததால் அந்த மிச்சத்தை மீன்பாடி வண்டிக்குக் கொடுக்கிறார். வராத பஸ்ஸை வருகிறது என்று காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல். காட்டாவிட்டால் அவர் முதலிலேயே வேறு வழி பார்த்திருப்பார்.

விம்கோ நகரில் இறங்கிய பிறகு எங்களை வீடு சேர்ப்பது ஷேர் ஆட்டோ. அதை நான் எந்த ஆப்பிலும் பார்த்ததில்லை. எந்த நேரம் வரை ஓடும், ராத்திரி எங்கே நிற்கும் என்பதெல்லாம் வாய்மொழிதான். வட சென்னையின் பாதி போக்குவரத்தைச் சுமக்கிற வண்டியைக் கணக்கிலேயே எடுக்காமல் ‘வீட்டு வாசல் வரை பயணத் திட்டம்’ என்று எப்படிப் போடுகிறார்கள்?

இதற்கெல்லாம் மேலே எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு, அது போக்குவரத்துத் துறைக்கு. எந்தப் பகுதிக்குப் போட்ட புக்கிங், ஓட்டுநரின் போன் பேச்சுக்குப் பிறகு பயணியால் ரத்தானது என்கிற விவரம் ஒவ்வொரு ஆப் நிறுவனத்தின் கணினியிலும் பதிவாகியிருக்கும். ஏற்றுக்கொண்ட நேரம், போன் போன நேரம், வண்டி ஒரு அடிகூட நகராமல் நின்றது, ரத்தான நேரம், எல்லாம். பின்கோடு வாரியாக அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் 600057-க்கு எத்தனை, அடையாறுக்கு எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். போன் பேசி, வண்டியை நகர்த்தாமல், பயணியை ரத்து செய்ய வைத்த புக்கிங்குக்குப் பயணியிடம் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு போடுங்கள். பணம் சின்னத் தொகைதான். ஆனால் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வருகிற பெண் நடுராத்திரி சென்ட்ரல் வாசலில் வண்டி கிடைக்காமல் நின்றதற்கு, அவள் மேலேயே அபராதம் போடுவதை இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்?