தலைக்கணக்கு

கவிஞர்களுக்குக் கணக்கு வராது என்று ஒரு காலத்தில் நாமே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது வருகிறது. சமீப வருஷங்களில் நம் வட்டத்தில் நாலு பேர் கூடினால் பேச்சு கவிதையில் தொடங்கி ஜனத்தொகையில் முடிகிறது. தமிழன் எண்ணிக்கையில் தேய்கிறான், வடக்கே பெருகுகிறார்கள், நாளைக்கு நாடாளுமன்றத்தில் நம் குரல் எடுபடாது, ஆகவே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள். இந்த ‘ஆகவே’யில்தான் எனக்குத் தகராறு.

2024 அக்டோபரில், அப்போது முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் ஒரு திருமண மேடையில், பதினாறும் பெற்று என்ற பழைய வாழ்த்தை எடுத்துக்கொண்டு, தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளைகளே பெற்றுக்கொண்டால் என்ன என்று பேசினார். வாழ்த்தில் வரும் பதினாறு பிள்ளைகளல்ல, செல்வங்கள் என்பதையும் அவரே சொன்னார். மேடைக்கான பாதி வேடிக்கை அது. அதே நாட்களில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு வேடிக்கையில்லாமலே இதைச் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்று அங்கே 1994 முதல் இருந்த விதியை 2024 நவம்பரில் சட்டமன்றம் நீக்கியது. அரசியல்வாதிகள் இப்படிப் பேசுவது அவர்கள் தொழில். எழுத்தாளன் அதை வேதவாக்காக ஏற்று இனத்தின் பெயரால் கர்ப்பத்துக்கு உபதேசம் செய்வது என்ன தொழில் என்றுதான் கேட்கிறேன்.

குறையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள், 1967-இல் 39. ஜனத்தொகை மெதுவாக வளர்ந்ததற்குக் கிடைத்த முதல் பரிசு அது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கைக்கொண்ட மாநிலங்கள் அதற்காகவே தண்டிக்கப்படக்கூடாது என்றுதான் 1976-இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கோடு தொகுதிப் பங்கீட்டை நிறுத்திவைத்தது; 84ஆவது திருத்தம் அந்தத் தடையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2019-21 குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. தில்லி சொன்னதைக் கேட்டவன் நஷ்டப்படுவான், கேட்காதவன் லாபமடைவான் என்றால் அது அநீதிதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் நம் நண்பர்கள் பேசாமல் விடுகிற இன்னொரு கணக்கு இருக்கிறது. 2011 ஜனத்தொகையை இருக்கிற தொகுதிகளால் வகுத்துப் பாருங்கள். கேரளத்தில் சுமார் 16.7 லட்சம் பேருக்கு ஒரு மக்களவை உறுப்பினர், தமிழ்நாட்டில் 18.5 லட்சம் பேருக்கு. பீகாரில் 26 லட்சம் பேருக்கு. நம்மில் பத்துப் பேரின் ஓட்டுக்கு இருக்கும் பலம் வேண்டுமென்றால் அங்கே பதினான்கு பேர் வேண்டும். அந்தப் பதினான்கு பேரும் மீசை முறுக்கிய ‘இந்தி ஏகாதிபத்தியவாதிகள்’ அல்ல. அவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள், பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட சாதியினர், எழுதப் படிக்க விடப்படாத பெண்கள். சமத்துவத்தையே மூச்சாகக் கொண்டதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ் அறிவுஜீவிக்கு இது ஒரு கணமாவது உறுத்த வேண்டாமா? நமக்கு நடக்கவிருப்பது அநீதி. அவர்களுக்கு ஐம்பது வருஷமாக நடந்துவருவதும் அநீதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சிரமத்துக்குப் பயந்துதான் பிள்ளை பெறச் சொல்லும் சுலப வழி கண்டுபிடிக்கப்படுகிறது.

இனி ‘நாம் கட்டுப்படுத்தினோம்’ என்ற கோஷத்துக்கு வருகிறேன். யார் இந்த ‘நாம்’? அதே 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 0.1. ஆயிரத்துக்கு ஒரு ஆண். இந்தச் சாதனைக்கு உரிமை கொண்டாடி மேடையில் நிற்பவர்கள் யார் என்று பார்த்தால் அத்தனை பேரும் மிச்சமுள்ள 999.

இது எப்போதும் இப்படியே இருந்ததல்ல. ஆரம்பத்தில் அரசாங்கம் ஆண்களைத்தான் தேடிப் போயிற்று. 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. அடுத்து நெருக்கடி நிலை. 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி ஆண்கள். அதிலும் ஏழைகள், முஸ்லிம்கள், ஹரிஜனங்கள் என்று அன்று அழைக்கப்பட்டவர்கள். 1977 தேர்தலில் வடக்கு அதற்குப் பதில் சொன்னது. அதன் பிறகு ஆணின் உடம்பைத் தொட எந்த அரசாங்கத்துக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் இலக்கு மட்டும் கைவிடப்படவில்லை. கத்தி பெண் பக்கம் திரும்பியது. இரண்டாவது பிரசவம் முடிந்ததும் அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்படியே ஆபரேஷனையும் முடித்து அனுப்புவது வழக்கமாயிற்று. அவள் சம்மதித்தாளா, களைப்பில் தலையாட்டினாளா என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கர்ப்பத்தடையைப் பற்றி இங்கே முதலில் உரக்கப் பேசியவர் பெரியார். நாட்டின் வறுமை தீரும், தாயின் உடல்நலம் தேறும் என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களிலிருந்து தன் காரணத்தை அவர் பிரித்துக் காட்டினார். பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். நடந்ததோ மற்றவர்களின் வழி. பிறப்பு குறைந்தது, அதற்குச் சமமாக விடுதலை வரவில்லை. பிள்ளைகள் இரண்டு போதும் என்றான வீட்டில், அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற வெறி கூடியது. 1980களில் உசிலம்பட்டியும் பிறகு சேலமும் தர்மபுரியும் எதற்காகப் பத்திரிகைகளில் வந்தன என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று அரசாங்கமே தொட்டில் கட்ட வேண்டியதாயிற்று. 2011-இல் கூட ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இங்கே 943 பெண் குழந்தைகள். ஆக, எண்ணிக்கை குறைந்ததாலேயே சமத்துவம் வந்துவிடாது என்பதற்கு நாமே சாட்சி. எண்ணிக்கை கூடினால் மட்டும் வந்துவிடுமா?

நேற்று ‘நாடு’ என்று சொல்லி அவளை அறுத்தார்கள். இன்று ‘இனம்’ என்று சொல்லி அவளைப் பெறச் சொல்கிறார்கள். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை. இதில் நேற்றையது கொடுமை, இன்றையது பண்பாடு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அரசாங்கம் பிள்ளை கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா இருக்கிறது. 1966-இல் சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். அடுத்த வருஷம் பிறப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. சில வருஷங்களில் மறுபடியும் சரிந்தது. ஆட்சி விழுந்த 1989-க்குள் கள்ளத்தனமான கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்திருந்தார்கள். அநாதை விடுதிகள் நிரம்பி வழிந்தன. நம் கவிஞர்கள் சட்டம் போடச் சொல்லவில்லை என்பார்கள். உண்மைதான். சட்டத்துக்கு முன்னால் ஒரு மனோபாவம் வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்த விஷயம், எண்ணிக்கையைத் தமிழ் என்று நினைப்பது. தமிழ் எழுத்து எந்தக் காலத்தில் கர்ப்ப வழியாக மட்டும் பெருகியது? நாம் கொண்டாடும் கி. ராஜநாராயணன் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1976-இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ தெற்கே ஓடிவந்த தெலுங்குக் குடிகளின் கதை. எம். வி. வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவுக் குடும்பத்தவர். வீட்டில் ஒரு பாஷை, எழுத்தில் தமிழ். இவர்கள் முன்னோர் வந்திறங்கிய நாளில், இந்தக் கூட்டம் நம்மை விழுங்கிவிடும் என்று சொல்ல ஒரு சிறுபத்திரிகை இல்லாமல் போனது தமிழின் அதிர்ஷ்டம்.

இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும், காவிரிப் படுகையில் நடவு வயலிலும்கூட, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். பிறப்பு குறைந்த சமூகம், படிப்பும் ஏறிவிட்டால், தன் கனமான வேலைகளுக்கு வெளியாளைக் கூப்பிடும். இது எங்கும் நடப்பது. கூப்பிட்டது நாம். வந்தவனுக்கு நாம் கொடுத்த பெயர் ‘வடக்கன்’. 2023 மார்ச்சில் அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியபோது நமக்குக் கோபம் வந்தது. பொய் என்பதால் நியாயமான கோபம். ஆனால் அந்தப் பொய்யை அவன் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினான் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

இவனைக் கணக்கில் எங்கே வைப்பது? 2025 ஆகஸ்டில் பீகாரின் வரைவு வாக்காளர் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவர்களில் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக வேறிடம் போனவர்கள் அல்லது அகப்படாதவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. சரி, போன இடத்தில் சேர்ப்பார்களா என்றால், தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் சேரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததுமே இங்கே தலைவர்கள் பதறினார்கள். அங்கே இல்லை என்று நீக்கு, இங்கே அந்நியன் என்று தடு. ஆனால் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு ஆளை அவன் வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. திருப்பூரில் வருஷக்கணக்காக வசிக்கும் பீகார்க்காரன் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஒரு தலை. அந்தத் தலையையும் சேர்த்துக் காட்டித்தான் நாம் தொகுதி கேட்போம். ஓட்டு மட்டும் கொடுக்க மாட்டோம். 1787-இல் அமெரிக்க அரசியல் சட்டம் இதையே கொஞ்சம் நாணயமாகச் செய்தது: ஐந்து அடிமைகளை மூன்று தலையாக எண்ணித் தென்மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது, அடிமைக்கு ஓட்டில்லை என்பதை ஒளிக்கவில்லை.

தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1948-இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கான மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் ஓட்டு கண்டி மலைகளின் பெரும்பான்மையைக் குலைத்துவிடும் என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மலைக்கு உரம் போட்ட ஜனங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இதைச் சொல்லி நாம் அழுகிறோம்; அழ வேண்டியதுதான். அழுத கண்ணாலேயே திருப்பூர் லைன் வீட்டைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் அந்த அழுகைக்கு என்ன மதிப்பு?

பிறகு என்னதான் வழி என்று கேட்பார்கள். சண்டை போட வேண்டிய இடம் வேறு. கூட்டாட்சி என்றால் தலைக்கணக்கு ஒன்றே அளவுகோல் அல்ல. அமெரிக்க செனட்டில் மாநிலம் சிறிதோ பெரிதோ இரண்டு இடம். ஜெர்மனியின் மேல்சபையில் மூன்றிலிருந்து ஆறு ஓட்டுக்குள் எல்லா மாநிலமும் அடங்கும். நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. அங்கும் தலைதான் எண்ணப்பட்டிருக்கிறது. போதாததற்கு, உறுப்பினர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2003-இல் எடுத்துவிட்டார்கள். மாநிலங்களின் சபை மாநிலங்களுடையதாக இல்லாமல் போனபோது நம் இனப்பற்றாளர்கள் எத்தனை பக்கம் எழுதினார்கள்? மக்களவையில் பீகார்க்காரனின் ஓட்டுக்கு அதன் முழு எடை, மேல்சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம இடம், சபைக்கு உண்மையான அதிகாரம் என்று கேட்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதில் யார் வயிறும் பணயமில்லை.

இதை எழுதியதற்காக என்னைத் தமிழ் விரோதி என்று சிலர் முடிவு கட்டுவார்கள். கட்டட்டும். திருப்பூர் மாநகராட்சிப் பள்ளிகளில் வீட்டில் போஜ்புரியும் ஒடியாவும் பேசுகிற பிள்ளைகள் உட்கார்ந்து அ, ஆ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருஷம் கழித்து அவர்களில் ஒருவன், அல்லது ஒருத்தி, தன் சனங்கள் ரயிலேறி வந்த கதையைத் தமிழில் எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்பினால் அதைத் தமிழ் இலக்கியம் என்று போடுவோமா, மாட்டோமா? பிள்ளை பெறச் சொல்லும் நண்பர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும். தொகுதிக் கணக்கைப் பிறகு பேசலாம்.